ரத்தம் சொல்லாத சேதி

சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்குப் போகும் மின்சார ரயிலில் கடைசிக்கு முந்தைய நிலையம் தாம்பரம் சானடோரியம். தினமும் அந்தப் பெயரைச் சொல்லி டிக்கெட் வாங்குகிறவர்களில் பலர் அது ஏதோ ஊர்ப் பெயர் என்றே நினைத்திருப்பார்கள். காசநோயாளிகளுக்காக 1928-ல் டாக்டர் சௌரி முத்து அங்கே ஓர் ஆரோக்கிய நிலையம் அமைத்தார். நல்ல காற்று, வெயில், ஓய்வு, சத்துணவு. காசத்துக்கு அந்த நாளில் தெரிந்த மருந்து அவ்வளவுதான். பிற்பாடு அரசு அதை எடுத்துக்கொண்டது. இன்றைக்கு அது அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை.

அந்த மருத்துவமனை 1990களில் வேறொரு காரணத்துக்காக நாடு முழுக்கப் பேசப்பட்டது. தமிழ்நாட்டிலிருந்து மட்டுமல்லாமல் அண்டை மாநிலங்களிலிருந்தும் எய்ட்ஸ் நோயாளிகள் அங்கே வந்து சேர்ந்தார்கள். 2004 ஏப்ரலில் மத்திய அரசு ஏ.ஆர்.டி. எனப்படும் கூட்டு மருந்துகளை இலவசமாகத் தர ஆரம்பித்தபோது முதலில் தேர்ந்தெடுக்கப்பட்ட எட்டு மையங்களில் தாம்பரமும் ஒன்று.

ரத்தத்தின் வழியாகவும் உடலுறவின் வழியாகவும் பரவும் ஒரு நோய்க்கு, நுரையீரலுக்கென்று கட்டிய மருத்துவமனை ஏன் தலைமையிடமாக ஆனது? மற்ற இடங்களில் இந்த நோயாளிகளைத் தொடவே தயங்கினார்கள் என்பது ஒரு காரணம். அந்த வெட்கக்கேட்டை இங்கே நீட்டி எழுதப் போவதில்லை. இன்னொரு காரணம் எளிமையானது. அவர்கள் இருமிக்கொண்டு வந்தார்கள். பெரும்பாலானவர்களைக் கொன்றுகொண்டிருந்தது காசம்.

எய்ட்ஸ் பற்றி உலகத்துக்கு முதல் தகவல் தந்ததே நுரையீரல்தான். லாஸ் ஏஞ்சல்ஸில் ஐந்து இளைஞர்களுக்கு அபூர்வமான ஒரு வகை நிமோனியா வந்திருக்கிறது என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் வார அறிக்கையில் 1981 ஜூன் 5-ம் தேதி வெளியான ஒரு சின்னக் குறிப்பில்தான் இந்தக் கதை தொடங்குகிறது. கிருமியே கண்டுபிடிக்கப்படாத நேரம் அது. ஐந்தாண்டு கழித்து, 1986-ல், சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவரது மாணவி நிர்மலாவும் சேகரித்த ரத்த மாதிரிகளில் ஆறில் எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது. இந்தியாவுக்கும் வந்துவிட்டது என்று அப்போதுதான் உறுதியானது.

இந்தப் பழங்கதையெல்லாம் இப்போது எதற்கு என்றால், நண்பர் ஒருவரின் இருமலால். பதினோரு ஆண்டுகளாக ஏ.ஆர்.டி. எடுத்துக்கொள்கிறவர். ஒருநாளும் மாத்திரை தவறியதில்லை. மூன்று வாரமாக இருமிக்கொண்டிருந்தார். மருந்துக் கடையில் சிரப் வாங்கிக் குடித்துச் சமாளித்தார். ஏ.ஆர்.டி. மையத்தில் சொன்னாயா என்று கேட்டேன். “ரத்தத்துல கிருமியே காணோம்னு போன மாசம் ரிப்போர்ட் வந்திருக்குப்பா. இது சும்மா சளி” என்றார்.

அவருடைய ரிப்போர்ட் பொய்யில்லை. ரத்தத்தில் வைரஸின் அளவு கருவிக்கு எட்டாத அளவுக்குக் குறைந்துவிட்டது. அந்த நிலையில் இருக்கிறவரிடமிருந்து உடலுறவு மூலம் எச்.ஐ.வி. பரவாது என்பதும் பெரிய ஆய்வுகளில் உறுதியான உண்மை. ஆனால் அந்த ரிப்போர்ட் ரத்தத்தைப் பற்றியது. நெஞ்சுக்குள் என்ன நடக்கிறது என்பதை அது சொல்வதில்லை.

நம் நுரையீரலில் முப்பது கோடியிலிருந்து ஐம்பது கோடி வரை நுண்ணிய காற்றறைகள் இருக்கின்றன. அத்தனையையும் பிரித்து விரித்தால் கிட்டத்தட்ட ஒரு பேட்மின்டன் களத்தின் பரப்பு வரும். ஒரு நாளில் சுமார் பத்தாயிரம் லிட்டர் காற்று உள்ளே போய் வருகிறது. தூசி, புகை, பூஞ்சை, கிருமி எல்லாம் அதோடு சேர்ந்து போகும். அவற்றைக் கூட்டிப் பெருக்க ஒவ்வொரு காற்றறையிலும் சில செல்கள் ஊர்ந்துகொண்டே இருக்கின்றன. கண்டதை அணைத்து உள்ளே இழுத்துச் செரித்துவிடும். மேக்ரோபேஜ் என்று பெயர். கிரேக்கத்தில் பெருந்தீனிக்காரன் என்று பொருள். தமிழில் பெருவிழுங்கி என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். மொழிபெயர்ப்பாளனாக எனக்கு அந்தச் சொல்லோடு சண்டையில்லை. ஆனால் பெரிது, சிறிது என்று பின்னால் ஒரு பேச்சு வரப்போகிறது, அங்கே குழப்பும். வெறும் விழுங்கி என்றே வைத்துக்கொள்கிறேன்.

ரஷ்ய விஞ்ஞானி மெச்னிகாஃப் 1882-ல் இத்தாலியின் மெசினா நகரில் நட்சத்திர மீனின் குஞ்சு ஒன்றில் முள்ளைக் குத்தி வைத்துவிட்டு மறுநாள் காலையில் பார்த்தார். முள்ளைச் சுற்றி செல்கள் கூடி நின்றன. விழுங்கிகளைப் பற்றிய அறிவு அந்தக் காலைப் பொழுதில் பிறந்தது. 1908-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

எச்.ஐ.வி.யைப் பற்றிப் பேசும்போது நாம் எல்லோரும் டி-செல்லைத்தான் சொல்வோம். நோயாளிகள் தங்களுக்குள் “உனக்கு சி.டி.ஃபோர் எவ்வளவு?” என்று மார்க் கேட்பதுபோல் கேட்டுக்கொள்வது அந்த செல்லின் எண்ணிக்கையைத்தான். சி.டி.4 என்பது செல்லின் மேற்பரப்பில் இருக்கும் ஒரு புரதம். வைரஸ் முதலில் அதைப் பிடித்துக்கொள்கிறது. ஆனால் அது மட்டும் போதாது, கூடவே இன்னொரு தாழ்ப்பாளும் திறக்க வேண்டும் என்பது 1996-ல் தெரிந்தது. பெரும்பாலான நேரத்தில் அந்த இரண்டாவது தாழ் சி.சி.ஆர்.5 என்கிற புரதம். இரண்டும் விழுங்கி செல்லிலும் உண்டு. சி.டி.4 மட்டும் டி-செல்லில் இருப்பதைவிடக் குறைவு. குறைந்த சி.டி.4-ஐக் கொண்டே நுழையத் தெரிந்த வைரஸ் வகைகள்தான் விழுங்கிக்குள் எளிதாகப் போகும்.

நேர்வழி தவிர வேறொரு வழியும் இருப்பதை ஆய்வுக்கூடத்தில் கண்டார்கள். வைரஸ் தொற்றிச் சாகும் நிலையில் உள்ள டி-செல்லை விழுங்கி தன் வழக்கப்படி விழுங்கிவிடுகிறது. விழுங்கப்பட்டதற்குள் இருக்கும் வைரஸ் செரிக்காமல் தப்பி, விழுங்கியவனையே பிடித்துக்கொள்கிறது. 2014-ல் வெளியான முடிவு இது. குப்பை அள்ளுகிறவருக்குக் குப்பையாலேயே நோய் வருவது நம் நகரங்களில் புதிதில்லை.

உள்ளே போன பிறகு இரண்டு செல்களின் கதையும் வேறு வேறு. டி-செல்லில் வைரஸ் மும்முரமாகப் பெருகும். ஓரிரு நாளில் செல் செத்துவிடும். விழுங்கியில் அப்படியில்லை. அது பிரிந்து பெருகாத செல். அதனால் வைரஸ் தன் மரபணுவைப் படியெடுக்கத் தேவையான மூலப்பொருள்கள் அதில் குறைவு. கூடவே சாம்ஹெச்.டி.1 என்கிற ஒரு புரதம் அந்த மூலப்பொருளையும் சிதைத்துக்கொண்டிருக்கிறது. அது வைரஸுக்குத் தடையாக இருப்பது 2011-ல் தெரிந்தது. எனவே வேலை மெதுவாக நடக்கும். ஆனால் நடக்கும். புதிய வைரஸ்கள் செல்லுக்கு வெளியே மட்டுமின்றி, உள்ளேயே இருக்கும் சிறு அறைகளுக்குள்ளும் போய்ச் சேர்கின்றன. ரத்தத்தில் திரியும் எதிர்ப்புப் புரதங்களுக்கு அந்த அறைகள் சுலபத்தில் எட்டுவதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, தொற்றிய விழுங்கி உடனே சாவதில்லை. வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கிறது.

எச்.ஐ.வி. சேர்ந்த குடும்பத்துக்கு லென்டி வைரஸ் என்று பெயர். லென்டி என்றால் மெதுவான என்று லத்தீனில் பொருள். இந்தக் குடும்பத்தின் மூத்தவர் மனிதரிடம் கண்டுபிடிக்கப்படவில்லை. ஐஸ்லாந்து நாட்டில் ஆட்டு மந்தையை மேம்படுத்த 1933-ல் ஜெர்மனியிலிருந்து இருபது கரகுல் ஆடுகளை இறக்குமதி செய்தார்கள். பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தன. சில ஆண்டுகள் கழித்து உள்ளூர் ஆடுகள் மூச்சு வாங்கிச் செத்தன. ஐஸ்லாந்து மொழியில் மூச்சுத் திணறலுக்கு மேடி என்று பெயர். அதையே நோய்க்கும் வைத்தார்கள். அந்த வைரஸ் ஆட்டின் விழுங்கி செல்களில் குடியிருப்பது பிற்பாடு தெரிந்தது. லட்சக்கணக்கான ஆடுகளை வெட்டிப் புதைத்துத்தான் 1965 வாக்கில் நோயை ஒழித்தார்கள். நுரையீரலும் விழுங்கியும் இந்தக் குடும்பத்துக்கு அப்போதிலிருந்தே பழக்கமான இடம். டி-செல்லைத் தாக்கும் வழக்கம்தான் எச்.ஐ.வி.யின் கிளையில் கூடுதலாக வந்தது.

மனித நுரையீரலுக்குள் பார்ப்பது ரத்தம் எடுப்பதுபோல் சுலபமில்லை. மூக்கு வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, உப்புநீரை ஊற்றி, அதையே திரும்ப உறிஞ்சி எடுத்து, கழுவி வந்த செல்களைப் பரிசோதிக்க வேண்டும். ஆப்பிரிக்காவில் மலாவி நாட்டின் பிளான்டையர் நகரில், எச்.ஐ.வி. உள்ளவர்களும் இல்லாதவர்களும் தாமாக முன்வந்து இந்தச் சோதனைக்கு இசைந்தார்கள். நோயின் அறிகுறி எதுவும் இல்லாதவர்கள், ஏ.ஆர்.டி. இன்னும் தொடங்காதவர்கள். 2014-ல் முடிவு வெளியானது. காற்றறையின் விழுங்கிகளில் பெரியவை, சிறியவை என்று இரு வகை இருக்கின்றன. எச்.ஐ.வி. அதிகமாகப் பிடித்திருந்தது சிறியவற்றை. தொற்றிய சிறு விழுங்கிகளுக்கு விழுங்கும் திறனும் குறைந்திருந்தது.

இந்தக் குறைபாட்டுக்காகக் காத்திருக்கிற ஒரு கிருமி நம் நாட்டில் ஏராளம். காசநோய்க் கிருமி நுரையீரலுக்குள் வந்ததும் முதலில் அதை விழுங்குவது இதே செல்தான். விழுங்கப்பட்டும் செரிக்காமல் உள்ளேயே வாழக் கற்றது அது. ஆரோக்கியமாக இருக்கிறவரின் உடலில் டி-செல்கள் வந்து விழுங்கியை உசுப்பி, கிருமியைச் சுற்றி ஒரு கோட்டை கட்டி அடைத்து வைக்கும். நம்மில் எத்தனையோ பேர் அப்படி ஒரு கோட்டையை நெஞ்சில் வைத்துக்கொண்டு எதுவும் தெரியாமல் வாழ்ந்து முடிக்கிறோம். எச்.ஐ.வி. வந்தால் கோட்டைக்கு உள்ளிருக்கும் காவலும் கெடுகிறது, வெளியே நிற்கும் காவலும் குறைகிறது.

டி-செல்களிலும் காசத்தை அடையாளம் காணத் தெரிந்தவை முதலில் அழிகின்றன. தான்சானியாவில் நடந்த ஆய்வு ஒன்று 2010-ல் இதற்கு ஒரு காரணம் சொன்னது. சி.சி.ஆர்.5 என்கிற தாழ்ப்பாளுக்கு உடலில் இயற்கையான சாவிகள் உண்டு. சில டி-செல்கள் அந்தச் சாவியைத் தாமே நிறையச் சுரந்து துவாரத்தை அடைத்துக்கொள்கின்றன, வைரஸுக்கு இடமில்லை. காசத்துக்கென்று பழகிய டி-செல்கள் அதை மிகக் குறைவாகவே சுரக்கின்றன. கதவைத் திறந்து போட்டுக்கொண்டு தூங்குகிறவர் கதிதான்.

இதன் விளைவை தென்னாப்பிரிக்காவின் தங்கச் சுரங்கத் தொழிலாளர்களிடம் அளந்து பார்த்திருக்கிறார்கள். எச்.ஐ.வி. தொற்றிய முதல் ஆண்டிலேயே காசம் வரும் வாய்ப்பு இரு மடங்காகிவிடுகிறது என்று 2005-ல் எழுதினார்கள். ரத்தத்தில் சி.டி.4 எண்ணிக்கை அபாய அளவுக்குச் சரிய வழக்கமாகப் பல ஆண்டுகள் ஆகும். ரத்தம் இன்னும் நன்றாக இருப்பதாகக் காட்டும்போதே நெஞ்சில் சேதம் தொடங்கிவிடுகிறது.

எதிர்த் திசையிலும் உதவி நடக்கிறது. காசத்தோடு போராட விழுங்கி சுரக்கும் சில பொருள்கள் உறங்கும் எச்.ஐ.வி.யை எழுப்பிவிடும். நியூயார்க் ஆய்வாளர்கள் 1997-ல் வெளியிட்ட முடிவுப்படி, ஒரே நோயாளியின் நுரையீரலில் காசம் பிடித்த பகுதியைக் கழுவி எடுத்த நீரில், பிடிக்காத பகுதியில் இருப்பதைவிட எச்.ஐ.வி. அதிகமாக இருந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில், 2023-ல் காசத்தால் இறந்த 12.5 லட்சம் பேரில் சுமார் 1.6 லட்சம் பேர் எச்.ஐ.வி. உள்ளவர்கள். உலகின் காசநோயாளிகளில் ஏறத்தாழ கால்வாசிப் பேர் நம் நாட்டுக்காரர்கள்.

ஏ.ஆர்.டி. எடுத்தால் இதெல்லாம் சரியாகிவிடாதா என்றால், பெருமளவு சரியாகிறது. காசம் வரும் வாய்ப்பு வெகுவாகக் குறைகிறது. இதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் பூஜ்யமாவதில்லை; எச்.ஐ.வி. இல்லாதவரின் அளவுக்குக்கூட இறங்குவதில்லை. ரத்தத்தில் வைரஸ் காணாமல் போனவர்களின் நுரையீரலைக் கழுவிப் பார்த்த அட்லாண்டா ஆய்வாளர்கள், விழுங்கி செல்களில் எச்.ஐ.வி.யின் மரபணு இருப்பதை 2015-ல் காட்டினார்கள். கனடாவின் மான்ட்ரியலில் நடந்த ஆய்வுகளும் அதையே சொன்னதோடு, நுரையீரல் டி-செல்களில் வைரஸ் மரபணு ரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகம் என்றன.

இங்கே ஒரு வழக்கு இன்னும் தீரவில்லை. விழுங்கிக்குள் தெரிந்த மரபணு அங்கேயே குடியிருக்கும் வைரஸுடையதா, அல்லது அது சற்று முன் விழுங்கிய டி-செல்லின் மிச்சமா? எலியை விழுங்கிய பாம்பின் வயிற்றில் எலி எலும்பு இருந்தால் அது பாம்பின் எலும்பாகிவிடாது. விழுங்கிகள் ஒரு மூலையில் கிடக்கும் வெறும் மிச்சக் கிடங்கல்ல என்று சொல்கிறவர்களுக்கு 2023-ல் ஓர் ஆதாரம் கிடைத்தது. நீண்ட காலம் மருந்து எடுத்தவர்கள் சிலரின் ரத்தத்திலிருந்து எடுத்த மோனோசைட் செல்களை விழுங்கிகளாக வளர்த்து, அதிலிருந்து மீண்டும் தொற்றக்கூடிய வைரஸை எழுப்பிக் காட்டினார்கள் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள். அவை ரத்தத்திலிருந்து வந்த செல்கள். காற்றறையில் இருப்பவற்றுக்கும் அது அப்படியே பொருந்துமா என்பது தனிக் கேள்வி. எச்.ஐ.வி.யை அடியோடு வெளியேற்றும் மருந்து தேடுகிறவர்கள் டி-செல்லை மட்டும் குறிவைத்தால் போதுமா என்பது இந்த வழக்கின் தீர்ப்பைப் பொறுத்தது.

படிக்கிறவர்கள் பயப்பட வேண்டாம் என்பதற்காக ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நுரையீரல் செல்லில் இருப்பதால் எச்.ஐ.வி. இருமலில் பரவாது. தும்மலிலும் மூச்சிலும் பரவாது. இருமலில் பரவுவது காசம், அது எச்.ஐ.வி. இல்லாதவர் இருமினாலும் பரவும். சட்டம் இருக்கிறது, 2018 செப்டம்பரிலிருந்து அமலிலும் இருக்கிறது. இருந்தும் வாடகை வீட்டில் ஒருவர் இருமினால் பக்கத்துப் போர்ஷன்காரர் எப்படிப் பார்ப்பார் என்ற பயத்தில் வாயைப் பொத்திக்கொண்டு இருமுகிறவர்கள் இருக்கிறார்கள். என் நண்பரும் ஏ.ஆர்.டி. மையத்துக்குப் போக யோசித்ததற்கு ரிப்போர்ட் பாதிக் காரணம் என்றால், வீட்டுக்காரர் மீதிக் காரணம்.

சாதாரணமாக இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் காசப் பரிசோதனை செய்துகொள்ளச் சொல்கிறோம். எச்.ஐ.வி. உள்ளவருக்கு அந்த இரண்டு வாரக் கெடு கிடையாது. இருமல் இருக்கிறதா, காய்ச்சல் இருக்கிறதா, எடை குறைந்ததா, இரவில் வியர்க்கிறதா என்ற நான்கு கேள்விகளை ஏ.ஆர்.டி. மையத்தில் ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டும் என்பது விதி. ஒன்றுக்கு ஆமாம் என்றாலே சளி பரிசோதனை. நான்குக்கும் இல்லை என்றால் காசம் வராமல் தடுக்க மருந்து: தினமும் ஒன்று வீதம் ஆறு மாதம் ஐசோனியசிட், அல்லது வாரம் ஒருமுறை வீதம் மூன்று மாதம் இரு மருந்துக் கூட்டு. கூட்டம் நெரியும் மையங்களில் இந்த நான்கு கேள்விகள் சில சமயம் ஒரே கேள்வியாகிவிடும். “நல்லா இருக்கீங்கல்ல?” நாமும் வழக்கப்படி “நல்லா இருக்கேன் மேடம்” என்போம்.

புகைபிடிக்கிறவர்களுக்கு இன்னொரு செய்தி. புகை படிந்து கறுத்துப்போன விழுங்கி செல்கள் ஏற்கெனவே பாதி வேலைதான் செய்கின்றன. டென்மார்க்கில் 2013-ல் ஒரு கணக்கெடுத்தார்கள். ஒழுங்காகச் சிகிச்சை பெறும் எச்.ஐ.வி. நோயாளி புகைபிடித்தால், எச்.ஐ.வி.யால் இழப்பது சுமார் ஐந்து ஆண்டு. சிகரெட்டால் இழப்பது பன்னிரண்டு ஆண்டு. வைரஸுக்குப் பயந்து வேளை தவறாமல் மாத்திரை போட்டுவிட்டு, அதே கையோடு பெட்டிக்கடைக்கு நடக்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

நண்பர் கடைசியில் போனார். எக்ஸ்ரேயில் வலப்பக்கம் மேலே ஒரு நிழல். சளியில் காசக் கிருமி இருப்பதை ஜீன் எக்ஸ்பர்ட் கருவி காட்டியது. நல்லவேளையாக ரிஃபாம்பிசினுக்கு அடங்கும் ரகம். அந்த மருந்து டோலுடெக்ராவிரை உடலில் சீக்கிரம் கரைத்துவிடும் என்பதால், காச சிகிச்சை நடக்கும்வரை அவருடைய எச்.ஐ.வி. மாத்திரையில் அந்த மருந்தை மட்டும் இரண்டு வேளையாக்கினார்கள். சொல்லாமல் வெளியே எங்காவது காசத்துக்கு மருந்து வாங்கிச் சாப்பிட்டிருந்தால் பதினோரு ஆண்டு உழைப்பு போயிருக்கும். மனைவிக்கும் மகனுக்கும் காசப் பரிசோதனை செய்தார்கள், இருவருக்கும் இல்லை. ஆறு மாதம் என்று சொல்லியிருக்கிறார்கள். இப்போது இரண்டாவது மாதம். இருமல் நின்றுவிட்டது. சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகிறது என்று முதல் வாரம் பயந்துபோய் ராத்திரி பதினொரு மணிக்கு போன் செய்தார். அது ரிஃபாம்பிசினின் நிறம், பயப்படாதே என்று சொல்லிப் படுக்க வைத்தேன்.